தம்பியைத் தாண்டிப் போன கிண்ணம்

ஓஸ்பரி
மார்ட்டின் திருநாளுக்கு மறு வாரம்

ஹில்தரூன்,

ஆறு வருடமாக நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

தம்பி ஒஸ்லாஃபின் மகள் வின்னா உன் மடத்தில் இருக்கிறாள். இல்லை என்று எழுதி நேரத்தைப் போக்காதே. எனக்கு எப்போதோ தெரியும். இப்போது என் கணவருக்கும் தெரிந்துவிட்டது. கம்பளி வாங்க உங்கள் பக்கம் போன ஒருவன் இங்கே வந்து சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "மடத்துப் பொண்ணுங்க கூட்டத்துல ஒண்ணு நிக்குது ராஜா. அப்படியே செத்துப்போன ஒஸ்லாஃப் மூஞ்சி. அதே துருத்துன காது. நடைகூட அவருதுதான்." டன்வால்ட் சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னும் கொஞ்சம் மது ஊற்றச் சொன்னார். அவர் கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை. சிரித்தால்தான் பயம்.

குழந்தையை இங்கே கொண்டுவந்து வளர்த்து, தன் மூத்த தாரத்து மகனுக்குக் கட்டிவைக்கப் போகிறாராம். அப்பா ஆண்ட நாடு அப்படியே இவர் மடியில் வந்து விழுந்துவிடும். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அத்தையின் கணவர்தான் காப்பாளர் என்று ஆயரும் தலையாட்டிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்கு நீ முக்காடு போட்டுத் துறவியாக்கவும் முடியாது. கல்யாணம் முடிந்து நாடும் கைக்கு வந்த பிறகு, அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் அக்கறை இருக்காது. என்னைத் தவிர.

இப்போது உங்கள் தீவைச் சுற்றி வெள்ளம். உயிர்ப்புத் திருநாள் கழிந்து தண்ணீர் வடிந்தால் கரைப்பாதை தெரியும். அன்றைக்கே இவர் குதிரையேறிவிடுவார். அதற்கு முன்னால், வசந்தத்தின் முதல் கப்பலில் அவளைக் கடல்தாண்டி ஃபிராங்க் நாட்டுக்கு அனுப்பிவிடு. சித்தி மகள் அங்கே ஒரு மடத்தில் இருக்கிறாள், உனக்கே தெரியும்.

பதிலை விலாங்கு மீன்காரி எட்டாவிடம் கொடு. கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். நாற்றத்துக்குப் பயந்து காவலர்கள் அதில் கைவைப்பதில்லை. இதைப் படித்ததும் எரித்துவிடு.

உன் அக்கா
சியோல்வென்


எல்மினி மடம்
கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரம்

ஓஸ்பரி அரசியார் சியோல்வென் அவர்களுக்கு, எல்மினி மடத்தலைவி ஹில்தரூன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. எரிக்கவில்லை. எரிக்கச் சொல்லும் கடிதங்களைப் பத்திரப்படுத்துவது என் வழக்கம்.

இங்கே பெண்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். யாருடைய காது யாரைப் போல இருக்கிறது என்று நான் அளந்து பார்த்ததில்லை. தாங்கள் சொல்லும் குழந்தை இங்கே இருப்பதாக வைத்துக்கொண்டே கேட்கிறேன். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில், கதவுக்குள், என் கண்முன்னால் இருக்கும் பிள்ளையை வெளியே எடுத்துப் படகில் ஏற்றி, சாலை வழியாகத் துறைமுகத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். அந்தச் சாலையில் பாதி உங்கள் கணவருடைய நிலம். குதிரைகளால் தாண்ட முடியாத தண்ணீரை அவள் தானாகவே தாண்டி வெளியே வந்துவிட்டால் யாருக்கு வசதி? ஒரு குழந்தையைப் பிடிக்க நினைக்கிறவர்கள் இதைவிட நல்ல கடிதம் எழுத முடியாது.

நான் இந்த வாசலுக்குள் வந்தபோது எனக்கு ஐந்து வயது. போரில் ஜெயித்தால் என் மகளைக் கடவுளுக்குத் தருகிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். எந்த மகள் என்று சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். தங்களை அதற்குள் டன்வால்டுக்கு நிச்சயம் செய்திருந்ததால் மீதியிருந்தவளை அனுப்பினார்கள். நான் அழுதுகொண்டே வந்தேன். ஆட்டுப்பால் கறந்தேன், கிணற்றுப் பாசி சுரண்டினேன், லத்தீன் படித்தேன். இன்று ஆண் துறவிகளும் பெண் துறவிகளுமாக இந்த வளாகம் முழுக்க என் சொல்லுக்கு நடக்கிறது. எல்லைத் தகராறு வந்தால் பிரபுக்கள் என்னிடம் வருகிறார்கள். என்னை ஏய்ப்பது அவ்வளவு சுலபமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் அண்ணன் ஒஸ்லாஃப்தான். அவர் உங்கள் கூடத்தில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது வெட்டப்பட்டார். அன்று கிண்ணத்தை ஏந்தி வந்தவர் தாங்கள். வீட்டு எசமானியின் கையால் கிண்ணம் வாங்கிக் குடித்தவன் அந்தக் கூரையின் கீழ் இருக்கும்வரை அவன்மீது யாரும் கைவைக்கக் கூடாது. இது நம் ஊரில் பிச்சைக்காரனுக்கும் தெரியும். தாங்கள் முதல் இருக்கைப் பலகையிலிருந்து தொடங்கி, அண்ணனிடம் வந்ததும் அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அண்ணனோடு அந்த விருந்துக்குப் போய் உயிர்தப்பி வந்த ஹுன்ஃப்ரித் கண்ணால் பார்த்தவன். இன்று என் வாசல் காவலனாக இருக்கிறான். "கிண்ணமே குடுக்கலம்மா, அப்புறம் என்ன விருந்து, என்ன முறை" என்று சொல்லி அன்று அழுதான். உங்கள் கணவர் ஆயர் முன்னால் சொன்னதும் அதுவேதான். கிண்ணம் வாங்காதவன் விருந்தாளி இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்றார். ரத்தப்பழிக்கு ஈடுகூடக் கொடுக்காமல் தப்பினார். அந்த வழியை அவருக்குத் திறந்துவிட்டது தங்கள் கை.

இனி எழுத வேண்டாம்.

ஹில்தரூன்


ஓஸ்பரி
மெழுகுதிரித் திருநாள்

ஹில்தா,

"தாங்கள்" என்கிறாய். என் பின்னலைப் பிடித்துக்கொண்டு பன்றிப்பட்டி வரைக்கும் இழுத்துப்போனவள் நீ. அதெல்லாம் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மண்டை இன்னும் வலிக்கிறது.

உன் கடிதத்தை எட்டா கொடுக்கும்போது, "உங்க தங்கச்சி மூஞ்சில ஈ ஆடலம்மா. பதில் வேணுமான்னு கேட்டேன். மீன் வெலை என்னன்னு கேக்குறாங்க. வெலைய சொன்னதும் அதையும் நம்பல" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நீ அழுதுகொண்டே போன அன்று, "அவளுக்குப் பதிலா நான் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். கல்யாணம் பேசியாகிவிட்டது என்று அறைந்தாள். இதையும் நீ நம்பமாட்டாய். போகட்டும். எனக்குக் கிடைத்தது அரண்மனை, உனக்குக் கிடைத்தது கிணற்றுப் பாசி என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பகை நாட்டில் சமாதானத்துக்காகக் கட்டிக்கொடுத்த பெண்ணை யாரும் பெண்ணாகப் பார்ப்பதில்லை. நான் சமையல்கட்டில் நுழைந்தால் பேச்சு நிற்கும். நான் ஊருக்குக் கடிதம் எழுதினால் என்ன எழுதினேன் என்று கேட்பார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை, அதற்கும் என் பிறந்த வீட்டு ரத்தத்தைக் குறை சொன்னார்கள். இங்கே என்னைச் சந்தேகப்படாத ஆளே கிடையாது. நீயும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாய், அவ்வளவுதான்.

கோபத்தை விடு, குழந்தையைப் பற்றிப் பேசுவோம். டன்வால்ட் ஆயருக்கு இரண்டு வேட்டைநாய்களும் ஒரு வெள்ளிச் சிலுவையும் அனுப்பியிருக்கிறார். வின்னாவுக்கென்று இங்கே ஒரு அறையை வெள்ளையடிக்கிறார்கள். அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைக்கிறார்கள், உள்ளே இல்லை. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

சாலையில் அனுப்பப் பயமாக இருந்தால் நானே வருகிறேன். என்னிடம் என்ன கேட்டால் நம்புவாய் என்று மட்டும் சொல். அதைத் தருகிறேன்.

சியோல்வென்


எல்மினி மடம்
தவக்காலத்தின் முதல் வாரம்

அரசியாருக்கு,

என்ன கேட்டால் நம்புவேன் என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசித்தேன்.

எங்கள் பீடத்தில் புனிதையின் எலும்புப் பேழை இருக்கிறது. அதன்மேல் கைவைத்துப் பொய் சொன்னவன் வருடம் திரும்புவதற்குள் அழுகிச் செத்ததை இந்தச் சதுப்பு நாட்டில் எல்லாரும் அறிவார்கள். திருடன்கூட அந்தப் பேழைக்குப் பயந்து களவை ஒப்புக்கொள்கிறான். இங்கே வாருங்கள். வீரர்கள் வேண்டாம், தோழி ஒருத்தி போதும். பேழைமேல் கைவைத்து ஒரே ஒரு சத்தியம் செய்யுங்கள்: "என் தம்பியைக் கொல்லப்போகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது." அதைச் செய்தால் நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, தாங்கள் சொல்லும் கப்பலில் பிள்ளையை ஏற்றுகிறேன்.

இது கடினமான கேள்வி இல்லை. தெரியாத ஒருவருக்கு இது ஒரு மூச்சு நேரத்து வேலை.

வெள்ளை அடிப்பதையும் தாழ்ப்பாளையும் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போனது உண்மை. ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பதற்காகவே அதை எழுதியிருக்கலாம் என்றும் தோன்றியது. பிள்ளை இப்போது என் அறையிலேயே படுக்கிறாள். சாவி என் இடுப்பில் இருக்கிறது. பார்த்தீர்களா, அவள் இங்கே இருப்பதை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். தங்களுக்கு எழுத ஆரம்பித்தால் என் வாய் எனக்கே காவல் நிற்பதில்லை.

சத்தியத்துக்கு நாள் குறித்து எழுதுங்கள்.

ஹில்தரூன்


ஓஸ்பரி
தவக்காலத்தின் இரண்டாம் வாரம்

ஹில்தா,

அந்தச் சத்தியத்தை நான் செய்ய மாட்டேன்.

உடனே கடிதத்தை மூடிவிடாதே. நீ மூடுவாய் என்று தெரியும், அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும், ஹில்தா. முன்கூட்டியே தெரியும். எலும்புப் பேழையின்மேல் கைவைத்துத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அன்று மதியம் உடைமாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் டன்வால்ட் தன் ஆட்களிடம் பேசினார். யார் கதவுப்பக்கம் நிற்பது, யார் ஒஸ்லாஃபின் முதுகுக்குப் பின்னால் உட்காருவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி அப்போது வெளியே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தேன், வாசலில் மாமியார் நின்றார். "எங்க போற? தலைய சீவு. ராத்திரி நீதான் கிண்ணம் எடுக்கணும்" என்றார். அதன் பிறகு என் கையை அவர் விடவே இல்லை. கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தார்.

நான் கூடத்தில் கத்தியிருக்கலாம் என்கிறாயா? நினைத்துப் பார்த்தேன். கத்தினால் அந்த நொடியிலேயே வெட்டுவார்கள். எல்லாரும் இடத்தில் இருந்தார்கள். காதில் சொல்ல முடியாது, என் பின்னாலேயே ஒருத்தி குடத்தோடு வந்தாள். என் கையில் அந்தக் கிண்ணம் மட்டும்தான் இருந்தது. அதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன்.

விருந்துக்கு வந்த அரசனை எசமானி தாண்டிப் போனால் அது அவமானம். அதைவிடப் பெரிய அவமானம் நம்மிடையே இல்லை. எந்த அரசனும் அதற்குமேல் ஒரு நொடி உட்கார மாட்டான். எழுந்து பலகையை உதைத்துவிட்டு, தன் ஆட்களோடு வெளியே போய் ஈட்டியை எடுத்துக்கொண்டு குதிரையேறுவான். சாப்பாட்டுக்குப் பிறகு, குடித்துச் சாய்ந்த நேரத்தில்தான் முடிப்பதாகத் திட்டம். முதல் கிண்ணத்திலேயே அவன் கோபித்துக்கொண்டு எழுந்திருந்தால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. என்மேல் காறித் துப்பிவிட்டுப் போகட்டும், உயிரோடு போகட்டும் என்று நினைத்தேன். அவன் முன்னால் வந்தேன். அவன் கை நீட்டினான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவனுக்குக் கொடுத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், இன்னும் சிரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. கிண்ணம் கொடுக்காதது தனக்கு நல்லதாகப் போயிற்று என்று டன்வால்ட் பிறகுதான் கண்டுபிடித்தார். என்னை மெச்சினார். மெச்சினார், ஹில்தா. அதனால்தான் நான் இன்னும் உயிரோடிருக்கிறேன்.

அவன் இடத்தில் நீ இருந்திருந்தால் பிழைத்திருப்பாய். நான் உன்னைத் தாண்டிப் போன அந்த நொடியே எழுந்து வெளியே போயிருப்பாய். என்னைக் கெட்டவள் என்று நம்ப அவனுக்கு வரவில்லை.

இதற்குமேல் உன் இஷ்டம். முதல் கப்பல், மரியன்னைக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாளுக்கு மறுநாள் கிளம்புகிறது என்று எட்டா விசாரித்து வந்தாள்.

சியோல்வென்


எல்மினி மடம்
தவக்காலத்தின் மூன்றாம் வாரம்

சியோல்வென்,

தங்கள் கடிதத்தை வாசித்ததும் ஹுன்ஃப்ரித்தைக் கூப்பிட்டேன். தாங்கள் எழுதியது எதையும் சொல்லவில்லை. "கிண்ணம் தாண்டிப் போச்சே, அப்ப அண்ணன் என்ன பண்ணார்?" என்று மட்டும் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிண்ணம் கொடுத்தார்களா இல்லையா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

மறுபடி கேட்டேன். சொன்னான்:

"சிரிச்சாரும்மா. நான்தான் பக்கத்துல. 'எழுந்திருங்க ராஜா, போயிரலாம், இது அவமானம்'னு சொன்னேன். 'உக்காருடா, எங்க அக்காவ உனக்குத் தெரியாது'ன்னாரு. 'சின்ன வயசுல தேனடை பங்கு போடும்போது என்னை இப்படித்தான் தாண்டிப் போவா. அழ விடுவா. கடைசில பெரிய துண்ட கொண்டாந்து எனக்குன்னு குடுப்பா. பாரு, இப்பவும் கடைசில வருவா'ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தாரு."

ஏன் இதை என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்தினேன். "எங்க ராஜா சிரிச்சுகிட்டே ஏமாந்து செத்தாருன்னு என் வாயால எப்படிம்மா சொல்றது?" என்றான்.

இதைத் தங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இறகுப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். தெரியாமல் இருப்பதே தங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அவர் தங்களைப் பற்றிக் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நான் வைத்துக்கொள்வது திருட்டு. அந்தத் தேனடை எனக்கு நினைவில்லை. அந்த வீட்டுச் சாப்பாடு எதுவுமே எனக்கு நினைவில்லை.

இப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். கிண்ணத்தை ஒரு காரணத்துக்காகத் தாண்டிவிட்டு, ஆறு வருடம் யோசித்து இன்னொரு காரணம் கண்டுபிடிக்கலாம். கெட்டிக்காரப் பெண் செய்வாள், தாங்கள் கெட்டிக்காரி. ஆனால் தப்பித்துக்கொள்ள நினைக்கிறவள் அந்தச் சத்தியத்தைச் செய்திருப்பாள். எனக்கு அந்தப் பொய்யே போதுமாக இருந்தது, கேட்டதும் கொடுத்திருக்கலாம். தாங்கள் கொடுக்கவில்லை. இரவெல்லாம் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு இதற்கு வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் விலாங்கு பிடிப்பவர்களின் படகுத்துறைக்கு வாருங்கள். நானே பிள்ளையைக் கொண்டுவருகிறேன். மடத்துச் சகோதரி டாட்டா கூட வருவாள். அவள் உடம்பு பெரிது, கைத்தடியும் பெரிது. தங்களுக்குப் பின்னால் ஒரு குதிரை தெரிந்தாலும் படகைத் திருப்பிவிடுவேன்.

அவளுக்குப் பாலாடை பிடிக்காது. குளிர்ந்தால் காது வலிக்கும், கம்பளி கட்ட வேண்டும்.

ஹில்தரூன்


ஓஸ்பரி
உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த வாரம்

ஹில்தா,

அவள் கப்பல் ஏறிவிட்டாள். டாட்டாவும் கூட ஏறினாள். கப்பல்காரன், "எவ்ளோ எடைங்க இவங்க, நடுவுல உக்கார வைங்க" என்றான். வின்னா அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள். அப்படியே ஒஸ்லாஃபின் சிரிப்பு.

படகுத்துறையில் பிள்ளையின் கையை என் கையில் வைத்துவிட்டு, என் விரலை ஒருமுறை அழுத்தினாய். அது மிரட்டலா வேறு ஏதாவதா என்று வழியெல்லாம் யோசித்தேன். நீ நரைத்துவிட்டாய். உன்னை ஐந்து வயதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, பார்த்ததும் திக்கென்றது.

நான் ஏன் கப்பலில் ஏறவில்லை என்று இப்போது ஒரு சந்தேகம் உனக்குக் கிளம்பியிருக்கும். சொல்கிறேன். ஓடிப்போன மனைவியைத் திருப்பிக் கேட்க எந்த ஊரிலும் புருஷனுக்கு உரிமை உண்டு. நான் போனால் அவர் கடல்தாண்டி ஆள் அனுப்புவார், என்னோடு அவளும் அகப்படுவாள். நான் திரும்பி வந்துவிட்டால், பிள்ளை கடல் தாண்டியிருப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. ஆடுகள் குட்டி போடும் காலம், என் பண்ணையைப் பார்க்கப் போயிருந்தேன் என்று சொன்னேன். டன்வால்ட் சிரித்தார். "செருப்புல கடல் மணல் ஒட்டியிருக்கே, ஆடு கடல்லயா மேயுது?" என்றார். பண்ணைக்குப் பக்கத்து முகத்துவாரத்தில் உப்பு வாங்கினேன் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது. என் பணிப்பெண்ணை மாற்றிவிட்டார்கள். வெள்ளையடித்த அறை காலியாக இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். அது எனக்காகவும் இருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் ஆயரையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வருவார். பீடத்தில் கைவைக்கச் சொல்லி உன்னைக் கேட்பார்கள். மடத்தலைவியின் வார்த்தை தனியாகவே நிற்கும், சாட்சி வேண்டாம் என்று சட்டம். உன்னால் பொய் சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். உன்னிடம் அதைக் கேட்கவும் மாட்டேன். சத்தியம் என்று வந்தால் நடந்ததைச் சொல்லிவிடு. நான் கொண்டுபோனேன் என்று சொல். கப்பல் கரைசேரும் வரை எப்படியாவது இழுத்தடித்தால் போதும். அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தாலும் எனக்கு மட்டும்தான் நடக்கும்.

தேனடைக் கதையைத் தினமும் நினைக்கிறேன். அதை எழுதியதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை.

சியோல்வென்


எல்மினி மடம்
யோவான் திருநாளுக்கு முந்தின மாலை

அக்கா,

எட்டாவின் படகு காத்துக்கொண்டிருக்கிறது. உன் கணவர் சாலை வழியாக வருகிறார், நாளை மறுநாள் அங்கே இருப்பார். இது அவருக்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போன வாரம் திராட்சை மது கொண்டுவரும் வியாபாரி ஒருவன் சித்தி மகளின் கடிதத்தைக் கொடுத்தான். வின்னா போய்ச் சேர்ந்துவிட்டாள். காதில் கம்பளி கட்டியிருந்தார்களாம். அங்கத்து மொழியில் ரொட்டிக்கு என்ன வார்த்தை என்று கற்றுக்கொண்டுவிட்டாள், ஆனால் ரொட்டியைத் தின்ன மாட்டேன் என்கிறாளாம். அந்தக் கடிதம் வரும் வரை நான் தினமும் உன்னைச் சந்தேகப்பட்டேன். ஜெபத்தில் நிற்கும்போதுகூடப் பட்டேன். வின்னாவும் டாட்டாவும் ஓஸ்பரியில் இருப்பதாகக் கனவு கண்டு எழுந்தேன். அண்ணன் உன்னை நம்பச் சான்று கேட்கவில்லை. எனக்குச் சான்று வந்து சேர வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

இந்த வருடம் வெள்ளம் பிந்தித்தான் வடிந்தது. இன்று காலை டன்வால்ட் வந்தார், ஆயரும் வந்தார். படுக்கைகளைப் புரட்டினார்கள், தானியக் குதிருக்குள் ஈட்டியை விட்டுக் குத்தினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. உன் கணவர் என்னிடம், "என் பொண்டாட்டி இங்க வந்தாளா தாயே? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். பேழையத் தொட்டுச் சொல்லுங்க, அது போதும்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பற்றி நீ எழுதியது சரிதான்.

பேழையின்மேல் கைவைத்தேன். பிள்ளை தவக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்றேன். அரசி இங்கே வரவே இல்லை, எங்களுக்குள் ஆறு வருடமாகப் பேச்சே கிடையாது என்றேன்.

ஆயர் கல்லறையைக் காட்டச் சொன்னார். எங்கள் சமையற்காரியின் குழந்தை பனியில் இறந்தது, அந்தச் சின்னக் குழியைக் காட்டினேன். ஹுன்ஃப்ரித்திடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவன் தானாகவே முன்னால் வந்து, "நான்தாங்க வெட்டுனேன். தரை உறைஞ்சு கெடந்துச்சு, ரொம்ப நேரம் ஆச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சமையற்காரி அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையை நான் அவளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். ஆயர் குழியருகே மண்டியிட்டு ஜெபித்தார். உன் கணவர் குதிரையேறிப் போய்விட்டார்.

பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். இந்த மடத்தில் அதை விதிக்கிறவள் நான்தான். வருடம் திரும்புவதற்குள் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். நடந்தால் நடக்கட்டும். வின்னா இனி இந்த நாட்டில் செத்தவள், அவளால் திரும்பி வர முடியாது. நான் அவளை மறுபடி பார்க்கப்போவதில்லை. அதுதான் வலிக்கிறது, சத்தியம் அல்ல.

இப்போது கவனமாகக் கேள். அவர் வந்ததும் கூடத்தில் எல்லார் முன்னாலும் உன்னிடம் சொல்வார். உன் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் சொல்வார். அப்போது நீ அழ வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு அழு. தம்பிக்காக அன்று உன்னை அழவிட்டிருக்க மாட்டார்கள், அதையும் சேர்த்து இப்போது அழுதுவிடு.

நாளைக்கு என் முத்திரையோடு உனக்கு இன்னொரு கடிதம் அனுப்புவேன். அது எட்டாவிடம் வராது, ஆயரின் ஆள் வழியாக வரும். உன் கணவர் அதை உன்னிடம் தருவதற்கு முன்பே படிப்பார், படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தம்பியைத் தின்றவள் என்றும், உன் கண் பட்டுத்தான் பிள்ளை செத்தது என்றும், என் வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கும். எழுதுவதற்கு எனக்கு ஒரு சிரமமும் இருக்காது, ஆறு வருடப் பழக்கம். இனி நான் உனக்கு எழுதுவதெல்லாம் அப்படித்தான் இருக்கும், வருடக்கணக்காக, நம்மில் ஒருத்தி சாகும் வரைக்கும்.

அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதே, அக்கா.

ஹில்தா